கீட்ஸ் கவிதை முதல் வரில வர்ற 'ஸ்டில்': இன்னும்-னு அர்த்தமா, அசையாம-ன்னு அர்த்தமா?

கடைசி_பெஞ்சு:

வணக்கம் மக்களே. ஒரே ஒரு வார்த்தைக்காக திரி ஆரம்பிக்கிறேன், திட்டாதீங்க.

அக்கா பொண்ணு பி.ஏ. இங்கிலீஷ் ரெண்டாவது வருஷம் படிக்கிறா. முந்தாநேத்து ராத்திரி தோசை சாப்பிட்டுக்கிட்டே "மாமா இந்த வரிய தமிழ்ல சொல்லு"ன்னா. ஜான் கீட்ஸ் 1819ல எழுதின கவிதை, ஒரு பழைய கிரேக்கத் தாழிய பாத்து, அது மேல இருக்கிற உருவங்களோட பேசுற மாதிரி போகும், முதல் வரி 'தௌ ஸ்டில் அன்ராவிஷ்ட் பிரைட் ஆஃப் குவையட்னெஸ்'. நான் பி.காம்., ஆனா மாமாங்கிற கெத்து இருக்கே, சட்னிய தொட்டுக்கிட்டே "அமைதியின் இன்னும் கைபடாத மணப்பெண்ணே"ன்னு எடுத்து விட்டுட்டேன். அவ போய் கைட எடுத்துட்டு வந்துட்டா. அதுல ஸ்டில்னா 'அசையாத'ன்னு போட்டிருக்கு. கிளாஸ்ல மேடம் சொன்னது 'இன்னும்'தானாம். பரிட்சைல எத எழுதுறதுன்னு அவளுக்குக் கவலை, எனக்கு வேற கவலை. டிக்‌ஷனரிய திறந்தா அசையாத, சத்தமில்லாத, இன்னும், இருந்தாலும், சினிமா போட்டோ, சாராயம் காய்ச்சுற சாமான்னு போய்க்கிட்டே இருக்கு. ஓட்டம் நின்னு போனதுக்கும் இதே வார்த்தை, நிக்காம நடந்துக்கிட்டே இருக்கறதுக்கும் இதே வார்த்தை. நேரெதிர் ரெண்டு அர்த்தம் எப்படிங்க ஒரே இடத்துல குடித்தனம் பண்ணுது? தெரிஞ்சவங்க சொல்லுங்க, தூக்கம் வரல.

பழையபேப்பர்:

மேடமும் சரி, கைடும் சரி. பரிட்சைக்கு ரெண்டையும் எழுதச் சொல்லுங்க, மார்க் போடுறவரு ஏதாவது ஒண்ணுக்காவது டிக் அடிப்பாரு.

குடித்தனம் எப்படின்னா, அது ரெண்டு குடும்பம் இல்ல, ஒரே குடும்பம்தான். பழைய இங்கிலீஷ்ல 'ஸ்டில்லெ'ன்னா அசையாத, சத்தமில்லாத. ஜெர்மன்ல இன்னிக்கும் 'ஷ்டில்'னா அதேதான். மாட்டுத் தொழுவத்துக்கு சொல்ற 'ஸ்டால்' இருக்கு பாருங்க, மாடு நிக்கிற இடம், அதுவும் இதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். அசையாம இருக்கறது மாறாம இருக்கும், மாறாம இருக்கறது எப்பவும் இருக்கும், எப்பவும் இருக்கறது இப்பவும் இருக்கும். இப்படியே நகந்து நகந்து 16ஆம் நூற்றாண்டுல 'இன்னும், இந்த நேரம் வரைக்கும்'ங்கிற அர்த்தத்துக்கு வந்து, 18ஆம் நூற்றாண்டுல 'இருந்தாலும்'ங்கிற அர்த்தமும் ஒட்டிக்கிச்சு. ஒவ்வொரு படியும் சின்னப் படிதான், ஆனா மேல ஏறி நின்னு கீழ பாத்தா முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும்.

நடுவுல இருக்கிற அந்த 'எப்பவும்'ங்கிற படிதான் பசங்கள கவுத்துறது. இப்ப அந்த அர்த்தம் செத்துப் போச்சு, ஆனா ஷேக்ஸ்பியர்ல பக்கத்துக்குப் பக்கம் வரும். மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்ல வட்டிக்கு விடுற ஷைலாக், வியாபாரி அன்டோனியோகிட்ட தன்னைத் திட்டினத எல்லாம் வரிசையா சொல்லிட்டு, "ஸ்டில் ஹேவ் ஐ போர்ன் இட்"னு சொல்லுவான். அத "இன்னும் பொறுத்துக்கிட்டேன்"னோ "இருந்தாலும் பொறுத்துக்கிட்டேன்"னோ மொழிபெயர்த்தா பாதி கோபம் போயிடும். அவன் சொல்றது "ஒவ்வொரு தடவையும், எப்பவும், தோள குலுக்கிட்டுப் போயிருக்கேன்"னு. ஹேம்லட்ல ராஜா பொலோனியஸ பாத்து நீ ஸ்டில் நல்ல சேதிக்கெல்லாம் அப்பன்னு சொல்றதும் 'எப்பவுமே'தான். டெம்பெஸ்ட்ல பெர்முடா தீவ 'ஸ்டில் வெக்ஸ்ட்'னு ஒரு வார்த்தை வரும், நான் காலேஜ்ல அத "அமைதியா இருந்தும் தொல்லைப்பட்ட"ன்னு எழுதி வாத்தியார் கிளாஸ்லயே சத்தமா படிச்சுக் காட்டினாரு. ஓயாம புயல் அடிக்கிற தீவுன்னு அர்த்தம். 'ஸ்டில்'னு பேர வச்சுக்கிட்டு ஓயாத புயல்!

ஊசிப்போன_வடை:

இலக்கியம் எனக்கு ஆகாது, ஆனா இந்த வார்த்தையால நான் பட்ட பாடு இருக்கே. முதல் வேலைல ஒரு வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு "ஸ்டில் நௌ ஐ டிட் நாட் ரிசீவ்"னு மெயில் போட்டு, டீம் லீடர் அத பிரிண்ட் எடுத்து என் மானிட்டர்லயே ஒட்டி வச்சாரு. ஒரு வாரம் இருந்துச்சு. நம்ம தப்புக்கு காரணம் ரொம்ப சிம்பிள், நமக்கு 'இன்னும்'னு ஒரே வார்த்தை, அவனுக்கு மூணு நாலு. "இன்னும் வரல"ன்னா அவன் யெட் போடுவான், "இன்னும் இங்கதான் இருக்கான்"னா ஸ்டில், "இன்னும் ரெண்டு இட்லி வை"ன்னா மோர், "இன்னும் நல்லா பண்ணிருக்கலாம்"னா ஈவன் பெட்டர், ஆனா பாருங்க அந்த இடத்துல ஸ்டில் பெட்டர்னும் சொல்றான். அங்க மட்டும் நம்ம இன்னும்-மும் அவன் ஸ்டில்லும் கைகோத்துக்குது. ஆங், "இன்னும் வரலியா"ன்னு கோவமா கேக்கறப்ப அவனும் ஸ்டில் போட்டு "ஸ்டில் ஹேஸின்ட் கம்"னு சொல்லுவான், யெட் போட்டா சாதாரண தகவல், ஸ்டில் போட்டா பொறுமை போயிடுச்சுன்னு அர்த்தம். இத எனக்கு யாரும் ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கல. வாட்ச பாத்துக்கிட்டே சொல்ற வார்த்தைன்னு ஞாபகம் வச்சுக்கிட்டேன்.

மூலிகைக்கடை:

சாராய சாமான் வேற குடும்பம், அத இதுல சேக்காதீங்க. லத்தீன்ல 'ஸ்டில்லா'ன்னா சொட்டு. டிஸ்டில், இன்ஸ்டில் எல்லாம் அந்த வழி. சித்த மருந்து செய்யிறவங்க வாலைன்னு சொல்ற அதே பாத்திரம், வாலையில வடிக்கிறதுன்னு சொல்வோம்ல. எழுத்து ஒண்ணா போனது தற்செயல்.

மதுரை_மச்சி:

கீட்ஸுக்கே வர்றேன். வார்த்தைய தனியா பிடுங்கி வச்சுக்கிட்டுப் பாக்காதீங்க, தாழில என்ன இருக்குன்னு பாருங்க. ஒருத்தன் ஒரு பொண்ண முத்தம் குடுக்கப் போறான், கிட்டத்தட்ட போயிட்டான், ஆனா சிற்பம்ல, அங்கயே நிக்கிறான். கீட்ஸ் அவன சமாதானப்படுத்துறாரு, உன்னால முத்தம் குடுக்கவே முடியாது, ஆனா அழாத, அவளும் வாடவே மாட்டாள்னு. இன்னொரு பக்கம் மாலை போட்ட கிடேரி ஒண்ண பலி குடுக்க ஓட்டிட்டுப் போறாங்க, அது வானத்தப் பாத்து கத்துது, கத்திக்கிட்டே இருக்கு, கோயில் வந்து சேரவே இல்ல. அதோட கிளம்பி வந்த ஊர் காலியா கிடக்கு, யாரும் திரும்பிப் போகப் போறதே இல்ல. எல்லாமே அசையாம நிக்குது, அசையாம நிக்கிறதாலதான் எல்லாமே இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு. ஸ்டில்லுக்கு ரெண்டுல ஒரு அர்த்தத்த எடுத்துட்டா கவிதையே நொண்டும்.

சின்ன வயசுல தியேட்டர் வாசல்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஸ்டில்ஸ் ஒட்டியிருப்பாங்க ஞாபகம் இருக்கா? எங்க ஊர்ல டிக்கெட் கவுன்டருக்குப் பக்கத்துல, ஓரத்துல குண்டூசி துரு ஏறி இருக்கும். ஒரு படத்துல வில்லன் கத்திய ஓங்கியிருப்பான், ஹீரோயின் கைய முகத்துக்கு நேரா வச்சிருப்பா. படம் தூக்கற வரைக்கும் நாலு வாரம் அந்தக் கத்தி எறங்கவே இல்ல. தினமும் ஸ்கூல் போறப்ப பாப்பேன். படம் பாக்க காசு கிடைக்கல, அதனால என்னைப் பொறுத்தவரைக்கும் அவ இன்னும் தப்பிக்கல, இன்னும் சாகவும் இல்ல. கீட்ஸோட கிடேரி எனக்கு உடனே புரிஞ்சதுக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிதான் காரணம்.

வெறும்_டீ:

எல்லாரும் ரொம்ப ஓவரா போறீங்களோன்னு தோணுது. அவரு ஏதோ மீட்டருக்கு ஒரு அசை வேணும்னு ஸ்டில்ல போட்டிருப்பாரு. எழுதினவனுக்கே தெரியாத அர்த்தத்த எல்லாம் நாம எடுத்துக் குடுக்குறோம்.

பழையபேப்பர்:

வெறும்_டீ, நியாயமான சந்தேகம்தான், ஆனா இந்த ஆள் விஷயத்துல செல்லாது. அதே கவிதைல மூணாவது பத்தில "ஃபார் எவர் வார்ம் அண்ட் ஸ்டில் டு பி என்ஜாய்ட்"னு மறுபடி கொண்டு வர்றாரு, அங்கயும் 'இனிமே அனுபவிக்க வேண்டிய'ன்னும் 'எப்பவும் அனுபவிக்கிற'ன்னும் ரெண்டு பக்கமும் இழுக்கும். 'பிரைட் ஸ்டார்'னு நட்சத்திரத்தப் பாத்து எழுதின சானெட்ல ஒரே வரிக்குள்ள ஸ்டில் ஸ்டெட்ஃபாஸ்ட் (உறுதியா), ஸ்டில் அன்சேஞ்சபிள் (மாறாம), அப்புறம் கொஞ்சம் தள்ளி "ஸ்டில், ஸ்டில் டு ஹியர்"னு, காதலியோட மூச்சுச் சத்தத்த கேட்டுக்கிட்டே இருக்கணுமாம். பதினாலு வரில நாலு தடவை. அசைக்காக போட்டா ஒருத்தன் நாலு தடவை போடமாட்டான். தாழி கவிதை எழுதறப்ப அவருக்கு 23 வயசு, 25லயே ரோம்ல காசநோய்ல போயிட்டாரு. நின்னு போகாம இருக்கணும், அப்படியே நிக்கவும் செய்யணும்னு ஒரே வார்த்தைய அந்த ஆள் விடாம பிடிச்சுக்கிட்டு இருந்ததுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

அவருக்கு முன்னாடியே கோல்ரிட்ஜ் இதப் பண்ணிட்டாரு. 1798, 'ஃப்ராஸ்ட் அட் மிட்நைட்'. நடுராத்திரி, வீட்ல எல்லாரும் தூங்கியாச்சு, பக்கத்துல தொட்டில்ல குழந்தை, அவ்ளோ அமைதி, அந்த அமைதியே யோசிக்க விடாம தொந்தரவு பண்ணுதுங்கிறாரு. கணப்புல ஒரு மெல்லிசு புகைக்கரி ஏடு மட்டும் ஆடிக்கிட்டு இருக்கு. அதுக்கு என்ன எழுதுறாருன்னா "ஸ்டில் ஃப்ளட்டர்ஸ் தேர்". ராத்திரி முழுக்க ஸ்டில்லா கிடக்க, அதுல அசையிற ஒரே பொருளுக்கு போய் ஸ்டில்ங்கிற வார்த்தைய போட்டு வச்சிருக்காரு மனுஷன்.

வேர்ட்ஸ்வொர்த்தையும் சொல்லிடுறேன். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்து மேல இருந்து விடிகாலைல லண்டன பாத்து எழுதினது, 1802 செப்டம்பர் 3ன்னு தலைப்புலயே தேதி இருக்கு. கடைசி வரில அந்த மாபெரும் இதயம் ஸ்டில்லா படுத்துக் கிடக்குன்னு முடிப்பாரு. அழகா இருக்குன்னு சொல்லி குடுப்பாங்க. யோசிச்சுப் பாருங்க, இதயம் அசையாம கிடந்தா அதுக்கு என்ன பேரு? ஊர் இன்னும் எழுந்திருக்கலன்னும் எடுக்கலாம், ஊர் பொணம்னும் எடுக்கலாம். எனக்கு ரெண்டாவதுதான் முதல்ல தோணுச்சு, அதுக்கப்புறம் அந்தக் கவிதைய சந்தோஷமா படிக்க முடியல.

பாளை_பய:

எங்க ஆச்சி தினமும் சாயங்காலம் ஜெபத்துல இருபத்து மூணாம் சங்கீதம் சொல்லும், கேட்டுக் கேட்டு மனப்பாடம். இங்கிலீஷ்ல 'ஸ்டில் வாட்டர்ஸ்'னு வர்ற இடம் எங்க பழைய வேதாகமத்துல "அமர்ந்த தண்ணீர்கள் அண்டையில்". எலியா கதைல காத்து அடிச்சு, நிலநடுக்கம் வந்து, நெருப்பு வந்து, எல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு 'ஸ்டில் ஸ்மால் வாய்ஸ்' வரும்லா, அங்க "அமர்ந்த மெல்லிய சத்தம்". நாப்பத்தாறாம் சங்கீதத்துல 'பி ஸ்டில்', அது "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்". மூணு இடத்துலயும் அமர்-தான், பாத்தீங்களா. தண்ணி, சத்தம், மனுசன் மூணுக்கும் ஒரே சொல்லு.

ஆனா மொழிபெயர்த்தவங்க கண்ண மூடிட்டு போடல. யோசுவா சூரியன நிக்கச் சொல்ற இடத்துல இங்கிலீஷ்ல 'ஸ்டேண்ட் தௌ ஸ்டில்', தமிழ்ல "தரித்துநில்லுங்கள்". சூரியன உக்கார சொல்ல முடியாதுல்லா. படகுல போறப்ப கடல் பொங்குது, 'பீஸ், பி ஸ்டில்'னு வர்ற இடத்துல "இரையாதே, அமைதலாயிரு". இரையாதே-ங்கிற சொல்லு கடல்கரைல பொறந்தவனுக்குத்தான் தெரியும், கடல் இரையிறத கேட்டவன் போட்ட சொல்லு அது. ஒரே ஸ்டில்லுக்கு ஆளப் பாத்து தமிழ் குடுத்திருக்காங்க.

இன்னொண்ணு, நாப்பத்தாறுல அந்த வசனத்த இப்ப தியான போஸ்டர்ல எல்லாம் பூ படத்தோட போடுறாங்க. முன்னாடி வசனத்த வாசிச்சா வில்ல ஒடிக்கிறாரு, ஈட்டிய முறிக்கிறாரு, யுத்தத்த ஓய வைக்கிறாரு. எபிரேய மூலத்துல அந்த சொல்லுக்கு கைய தளர விடு, போதும் நிறுத்துங்கிற அர்த்தம்தான். சண்டை போடுறவன பாத்து போடுற அதட்டல். பூ படம் பொருந்தாது.

மூலிகைக்கடை:

அமர்னாலே பழைய தமிழ்ல சண்டைதானே 🙂 சண்டைய நிறுத்த சொல்ற இடத்துல அமர்ந்திரு. எங்க பாட்டி விளக்க அணைக்கறதுக்கும் "அமத்து"ன்னுதான் சொல்லும்.

தத்துவ_தக்காளி:

பி ஸ்டில்லுக்கு நம்ம ஊர் தமிழ் 'சும்மா இரு'. அருணகிரிநாதர் கந்தரனுபூதில "சும்மா இரு சொல்லற"ன்னு பாடிட்டாரு. ரமணர் அந்த சங்கீத வசனத்த பல தடவை எடுத்துச் சொல்லியிருக்காரு, வெள்ளைக்காரங்க வந்து கேட்டா அவங்க புத்தகத்துல இருந்தே பதில்.

ஊசிப்போன_வடை:

வந்துடுச்சு 'சும்மா'. தமிழ்ல மொழி பத்தி எந்தத் திரி போட்டாலும் பத்தாவது பதிவுக்குள்ள சும்மா வந்துடும், பந்தயம் கட்டியிருக்கலாம்.

தத்துவ_தக்காளி:

சும்மா சொன்னேன் விடுங்க.

பழையபேப்பர்:

திரி ஓரம் போறதுக்குள்ள ஒண்ணு சொல்லிடுறேன், இதுதான் எனக்கு இந்த வார்த்தைல ரொம்பப் பிடிச்ச இடம். டி.எஸ். எலியட், 'பர்ன்ட் நார்ட்டன்', 1936ல வந்தது. சுத்துற உலகத்தோட ஸ்டில் பாயின்ட்னு எல்லாரும் எடுத்துப் போடுற வரி அதுலதான் இருக்கு. பம்பரம் வேகமா சுத்தறப்ப நடுவுல ஒரு புள்ளி ஆடாம நிக்கும்ல, அது மாதிரி. அங்கதான் ஆட்டமே இருக்குன்னு சொல்லிட்டு, அத அசையாத நிலைன்னு சொல்லிடாதீங்கன்னு அவரே கைய நீட்டித் தடுக்கிறாரு. ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. கடைசிப் பகுதில ஒரு சீன ஜாடி வருது. "ஆஸ் எ சைனீஸ் ஜார் ஸ்டில்", வரி அங்க முடியுது. படிக்கிறவன் என்ன நினைப்பான்? ஓகே, ஜாடி அசையாம இருக்கு. அடுத்த வரிக்கு கண்ணு போனா "மூவ்ஸ் பெர்பெச்சுவலி இன் இட்ஸ் ஸ்டில்னெஸ்". அசையுதாம்! ஒரு வரி மடிப்புக்குள்ள ஸ்டில் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் புரண்டு படுத்துடுச்சு. வரிய அந்த இடத்துல ஒடிக்காம நீட்டி எழுதியிருந்தா ஒண்ணுமே இல்ல. எனக்கு ஜாடின்னாலே அடுக்களை மூலைல இருக்கிற ஊறுகாய் ஜாடிதான் ஞாபகம் வரும், இருந்தும் இந்த ரெண்டு வரிய படிச்ச அன்னிக்கு அதையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னேன், வீட்ல ஒரு மாதிரி பாத்தாங்க. கீட்ஸோட தாழி 1819, எலியட்டோட ஜாடி 1936. ரெண்டு பேரும் இந்த வார்த்தைய போட்டு வைக்க பாத்திரத்தத்தான் தேடியிருக்காங்க.

மதுரை_மச்சி:

ஐயோ அந்த வரி மடிப்பு!! இத்தன நாளா கவனிக்கல.

அமெரிக்கக் கவிஞர் மாயா ஏஞ்சலோவ யாரும் சொல்லலியே. 'ஸ்டில் ஐ ரைஸ்', 1978. அதுல 'இருந்தாலும்' இருக்கு, 'இன்னும்' இருக்கு, பழைய ஷேக்ஸ்பியர் 'எப்பவும்' கூட இருக்கு. "மிதிச்சாலும் எழுவேன்"னு மட்டும் தமிழ்ல போட்டா கோபம் வருது, விடாப்பிடி வரல.

அப்புறம் கடைசி_பெஞ்சு, உங்க அசல் கேள்விக்கு ஒரு யோசனை. நேரெதிர் அர்த்தம் ஒரே வார்த்தைலன்னு ஆச்சரியப்பட்டீங்களே, நம்ம 'நில்'ல பாருங்க. மழை நின்னுடுச்சுன்னா போயிடுச்சுன்னு அர்த்தம். அந்த மனுஷன் பேரு நின்னுடுச்சுன்னா போகவே போகாதுன்னு அர்த்தம். பஸ் நின்னுச்சு, சொன்ன சொல்லு நின்னுச்சு. தினமும் பேசுறோம், ஒரு நாளாவது குழம்பினோமா?

பனங்கொட்டை:

வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து. கனநாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருக்கிறனான், இதுக்கு எழுதாமல் இருக்கேலாமல் போச்சு.

மதுரை_மச்சி சொன்ன 'நில்' இன்னும் கொஞ்சம் ஆழமாப் போகுது. நன்னூலில நிகழ்கால இடைநிலை எண்டு மூண்டு சொல்லியிருக்கு, ஆநின்று, கின்று, கிறு. பள்ளிக்கூடத்தில பாடமாக்கினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். உண்ணாநின்றான் எண்டால் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறான். அந்த 'நின்று' வேற எங்கயிருந்தும் வரேல்ல, நிக்கிறதெண்ட அதே சொல்தான். நிக்கிற ஒரு சொல்லை எடுத்து, நடந்துகொண்டே இருக்கிற வினைக்கு அடையாளமா வச்சிருக்கினம். இங்கிலீஷ்காரன் ஸ்டில்லை கொண்டுபோன பாதை இதுதானே. அசையாமல் நிக்கிறது, அதால மாறாமல் நிக்கிறது, அதால இன்னும் நடக்கிறது. அவங்களுக்கு அது தனிச்சொல்லா நிண்டுட்டுது, எங்களுக்கு இலக்கணத்துக்குள்ள போய் விகுதிக்கு முன்னால குந்தியிட்டுது.

ஆகவே மொழிபெயர்ப்புக்கு 'இன்னும்' வேண்டாம், 'அசையாத'வும் வேண்டாம் எண்டது என்ர எண்ணம். "கைபடாமல் நின்ற" எண்டு போட்டுப் பாருங்கோ. அவள் ஆடாமல் நிக்கிறாள் எண்டும் வரும், இவ்வளவு காலமும் கைபடாமலே இருந்திட்டாள் எண்டும் வரும்.

(விளக்கு அமத்திறது பற்றி ஒராள் எழுதியிருந்தார், எங்கட பக்கம் நூர்க்கிறது எண்டுதான் சொல்லுவம்.)

பழையபேப்பர்:

கைபடாமல் நின்ற. இது உக்காந்துடுச்சு. முப்பது வருஷமா இந்தக் கவிதைய படிக்கிறேன், எனக்குத் தோணல. 'நின்றாய்'னு முன்னிலைல வச்சா இன்னும் கிட்ட போகுமோன்னு பாத்தேன், இல்ல, 'நின்ற'தான் நல்லா இருக்கு.

வெறும்_டீ:

சரி தோத்துட்டேன். நல்லாத்தான் இருக்கு.

கடைசி_பெஞ்சு:

எல்லாருக்கும் நன்றிங்க, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கவே இல்ல. நேத்து ராத்திரி ஃபோன அவகிட்டயே குடுத்துட்டேன், முழுசா படிச்சா. ஷைலாக் பகுதிய நோட்ல எழுதிக்கிட்டா, எலியட் ஜாடிய ரெண்டு தடவை சத்தமா படிச்சா, முதல் வரி முடியற இடத்துல நிறுத்தி நிறுத்தி. "கைபடாமல் நின்ற மணப்பெண்ணே"ன்னு பென்சில்ல கைடு ஓரத்துலயே எழுதிட்டா, அந்த 'அசையாத'வ அடிக்கல, விட்டுட்டா. பரிட்சைல இத எழுதுவியான்னு கேட்டேன், எழுதமாட்டாளாம், இங்கிலீஷ் பேப்பர்ல தமிழ் எழுதினா கிழிச்சுடுவாங்களாம், எனக்குத்தான் அந்த நினைப்பே வரல.

இப்ப ரெண்டாவது வரிக்கு வந்துட்டா, 'ஃபாஸ்டர் சைல்ட் ஆஃப் சைலன்ஸ் அண்ட் ஸ்லோ டைம்'. மணப்பெண்ணா இருந்தவ ஒரே வரில எப்படி வளர்ப்புப் பிள்ளை ஆனா, அப்ப பெத்தவங்க யாருன்னு கேக்குறா. தாழிய செஞ்சவன்தான் அப்பனா இருக்கணும்னு எனக்கு ஒரு யோசனை இருக்கு. நாளைக்கு தனித் திரி போடுறேன், பழையபேப்பர் சார் ஊர்ல இருப்பீங்களா?